மங்காவில் மறுபிறவி எடுக்கும் துப்பறிவாளர்கள்

மர்ம நாவலின் பலம் அது சொல்லாமல் விடும் விஷயங்களில் இருக்கிறது. கதவருகே யாரோ நின்றிருந்தார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுத்தாளர் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். நின்றது ஆணா பெண்ணா, கிழவரா இளைஞரா, குள்ளமா நெட்டையா, எதையும் அவர் சொல்ல வேண்டியதில்லை. அதே வரியை வரைய உட்காரும் ஓவியருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவில் ஒரு கட்டத்துக்குள் கால் வைத்த எவருக்கும் உயரமும் தோளும் தலைமுடியும் வேண்டும். முகத்தில் ஏதாவது ஒரு பாவம் வேண்டும். நாவலிலிருந்து மங்காவுக்குப் போகும் பாத்திரங்கள் மாறிப்போவதற்கு முதல் காரணம் இந்த எளிய உண்மைதான். வாசகரின் வயது, தொடர்கதையின் வேகம், உரிமைச் சிக்கல், மூல ஆசிரியர் விட்டுவைத்த இடைவெளிகள் ஆகிய மற்ற காரணங்கள் அதற்குப் பின்னால் வரிசைகட்டி நிற்கின்றன.

படம் பாத்திரத்தை மாற்றுவது மங்காவோடு தொடங்கிய வழக்கமும் இல்லை. 1891-ல் லண்டனின் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் வரத் தொடங்கியபோது அவற்றுக்குப் படம் வரைந்தவர் சிட்னி பேஜட். ஆர்தர் கோனன் டாயில் ஒரு கதையில் தலையோடு ஒட்டிய துணித்தொப்பி என்று மட்டும் எழுதியிருந்தார். பேஜட் அதைக் காதுமடல் வைத்த வேட்டைத் தொப்பியாக வரைந்தார். இன்று ஹோம்ஸ் என்றதும் உலகம் முழுக்க நினைவுக்கு வருவது அந்தத் தொப்பிதான். டாயில் மனத்தில் இருந்த ஹோம்ஸ் அவ்வளவு அழகன் இல்லை. பேஜட்டின் கையில்தான் அவர் அழகரானார். ஒரு கதைக்குச் சில படங்கள் மட்டும் வரைந்தவரே இவ்வளவு மாற்ற முடிந்தது என்றால், கதை முழுவதையுமே படமாக்கும் மங்கா எவ்வளவு மாற்றும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

குற்றவாளியை எப்படி வரைவது?

மர்மக் கதையை மங்காவாக்கும்போது வரும் முதல் சிக்கல் குற்றவாளிதான். கொலை நடக்கும் காட்சியைக் காட்ட வேண்டும். கொலை செய்பவரைக் காட்டக் கூடாது. நாவலில் இது ஒரு சிக்கலே இல்லை. 1994-ல் ‘ஷோனென் சண்டே’ வார இதழில் தொடங்கிய அவோயாமா கோஷோவின் ‘டிடெக்டிவ் கோனன்’ இதற்குக் கண்டுபிடித்த வழி இன்று எல்லோருக்கும் பழகிவிட்டது. அடையாளம் தெரியாத குற்றவாளி தலை முதல் கால் வரை ஒரே கறுப்பாக வருவார். அந்தக் கறுப்பில் இரண்டு வெள்ளைக் கண்களும், சில சமயம் ஒரு வெள்ளைச் சிரிப்பும் மட்டும் தெரியும். உடல்வாகு எப்போதும் ஒன்றுதான். கடைசியில் பிடிபடுபவர் பருமனான தொழிலதிபராக இருக்கலாம், ஒல்லியான நடிகையாக இருக்கலாம். நிழல் அதைக் காட்டிக்கொடுக்காது. நாவலின் ‘யாரோ’ என்ற சொல்லுக்குப் படத்தில் கிடைத்த நேரான ஈடு இது.

இந்தக் கறுப்பு உருவம் வாசகர்களிடம் எவ்வளவு ஊறிப்போனது என்றால், 2017-ல் அதையே கதாநாயகராக வைத்துக் கன்பா மாயுகோ என்ற ஓவியர் ‘குற்றவாளி ஹன்சாவா’ என்ற நகைச்சுவைத் தொடரைத் தொடங்கினார். ஊருக்குப் புதிதாக வந்து வீடு தேடி அலையும், முகமில்லாத ஓர் அப்பாவியின் கதை அது. ஒரு தொழில்நுட்பத் தேவைக்காக வரையப்பட்ட நிழல் தனக்கென்று ஒரு குணத்தைப் பெற்றுவிட்டது.

குற்றவாளியை மறைப்பதை விடக் கடினமான வேலை, வாசகரை எழுத்தாளர் ஏமாற்றும் வித்தையை மறைப்பது. ஜப்பானிய மர்ம நாவல்களில் இதற்கென்றே ஒரு தனி மரபு உண்டு. துப்பு எதையும் ஒளிக்காமல், சொல்லும் விதத்தாலேயே வாசகரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோவது அந்த மரபு. 1987-ல் வெளிவந்த அயட்சுஜி யூகிடோவின் முதல் நாவலான ‘பதின்கோண மாளிகைக் கொலைகள்’ இதன் உச்சங்களில் ஒன்று. பல்கலைக்கழக மர்மக்கதைக் கழகத்தின் மாணவர்கள் சிலர் ஒரு தீவுக்குப் போகிறார்கள். எல்லரி, கார், லெரூ, போ, வான், அகதா, ஆர்ட்ஸி என்று மேலைநாட்டு மர்ம எழுத்தாளர்களின் பெயர்களையே ஒருவருக்கொருவர் பட்டப்பெயராக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தீவில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கரையில் இருக்கும் வேறு சிலர் தனியாக ஒரு பழைய வழக்கைத் துருவுகிறார்கள். நாவலின் இறுதியில் வரும் ஒரே ஒரு வரி அதுவரை படித்த எல்லாவற்றையும் புரட்டிப்போடும். அந்த வரி வேலை செய்வதற்குக் காரணம், வாசகர் அதுவரை எவருடைய முகத்தையும் பார்க்கவில்லை என்பதுதான்.

இதைப் படமாக்க முடியாது என்று நெடுங்காலம் பேசப்பட்டது. 2019-ல் ஓவியர் கியோஹாரா ஹிரோ அதை மங்காவாக்கத் துணிந்தார்; 2022-ல் 5 தொகுதிகளில் முடித்தார். அயட்சுஜியின் ‘அனதர்’ நாவலை ஏற்கெனவே மங்காவாக்கியவர் அவர். முடிச்சை இங்கே அவிழ்ப்பது இன்னும் படிக்காதவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் அவர் செய்த ஒரு மாற்றத்தை முடிச்சைத் தொடாமலே சொல்லலாம். நாவலில் கரையில் துப்புத் தேடும் கவாமினாமி ஓர் இளைஞன். ‘கோனன்’ என்றும் அவனை அழைப்பது உண்டு. மங்காவில் அந்தப் பாத்திரம் ஓர் இளம்பெண். கதைப்படி அவள் செய்யும் வேலை மாறவில்லை. ஆனால் பக்கத்தின் தோற்றம் முற்றிலும் மாறுகிறது. நாவலில் கரைப்பகுதிக் கதையை நகர்த்துபவர்கள் எல்லோரும் ஆண்கள். எழுத்தில் பெயரும் பேச்சும் இருந்தால் போதும், யார் யார் என்று தெரிந்துவிடும். பக்கம் பக்கமாக உட்கார்ந்து பேசும் ஆண்களையே வரைந்துகொண்டிருந்தால் கண்ணுக்குச் சலிப்பு தட்டும். வாசகரின் பார்வை எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்பதை ஓவியரால் நடத்திச்செல்லவும் முடியாது. ஒரு பெண் முகம் அங்கே வந்ததும் அந்தப் பார்வைக்கு ஒரு மையம் கிடைக்கிறது. மர்மக் கதையில் பார்வையைத் திருப்பும் வசதி சாதாரணமானது அல்ல. மூலத்தை நேசிக்கும் வாசகர்கள் பாலின மாற்றத்தைக் கண்டால் முகம் சுளிப்பது வழக்கம். இந்த மாற்றம் மூலத்தின் வித்தையைக் காப்பாற்றத்தான் துணைநிற்கிறது என்பதை மங்காவை முழுதாகப் படித்தால் உணரலாம்.

பேரப்பிள்ளைகளின் காலம்

அடுத்த பெரிய மாற்றம் வயது. ஜப்பானில் மங்கா இதழ்கள் வாசகரின் வயதையும் பாலினத்தையும் வைத்தே பிரிக்கப்படுகின்றன. சிறுவர்களுக்கான வார இதழில் 35 வயதுத் துப்பறிவாளர் நாயகனாக இருப்பது கடினம். இந்த அழுத்தத்தை மங்காவுக்கு முன்பே சந்தித்தவர் ஜப்பானிய மர்ம இலக்கியத்தின் தந்தை எனப்படும் எடோகவா ராம்போ. எட்கர் ஆலன் போவின் பெயரை ஜப்பானிய ஒலியில் புனைபெயராகச் சூடிக்கொண்டவர் அவர். அவருடைய துப்பறிவாளர் அகெச்சி கொகோரோ 1925-ல் அறிமுகமானபோது, கலைந்த தலையைச் சொறிந்துகொண்டு, பருத்திக் கிமோனோவில், புத்தகங்களுக்கு நடுவே வாழும் வேலையற்ற இளைஞர். சில ஆண்டுகளுக்குள் ராம்போவே அவரை மேலைநாட்டு உடையணிந்த மிடுக்கான நாயகராக மாற்றிவிட்டார். 1936-ல் சிறுவர் இதழுக்காக ‘இருபது முகங்கள் கொண்ட மாயாவி’யை எழுதியபோது, அகெச்சியின் உதவியாளனான கொபயாஷி என்ற சிறுவனை முன்னால் கொண்டுவந்தார், அவனைச் சுற்றி ஒரு சிறுவர் துப்பறியும் குழுவையும் அமைத்தார். பின்னால் வந்த மங்கா ஓவியர்கள் நடந்தது இந்தத் தடத்தில்தான்.

ராம்போவுக்கு இணையாக வைத்துப் பேசப்படும் யோகோமிசோ செய்ஷியின் கிண்டாய்ச்சி கோசுகே 1946-ல் ‘ஹோன்ஜின் கொலை வழக்கு’ தொடர்கதையில் பிறந்தவர். சிறிய உருவம், கசங்கிய கிமோனோவும் அதன்மேல் அணியும் ஹகாமாவும், தலையில் நசுங்கிய தொப்பி. உற்சாகம் வந்துவிட்டால் நாக்குக் குழறும். பறட்டைத் தலையை இரண்டு கைகளாலும் சொறிவார், பொடுகு உதிரும். அமெரிக்காவில் இருந்தபோது போதைப் பழக்கத்தில் விழுந்து எழுந்தவர் என்பதும் அவருடைய கதையில் உண்டு. போரில் தோற்று நொறுங்கிய ஜப்பானின் கிராமங்களில், பழைய பண்ணைக் குடும்பங்களின் இருட்டுக்குள் நுழையும் மனிதருக்கு இந்தத் தோற்றம் கச்சிதமாகப் பொருந்தியது. யாரும் அவரைப் பெரிதாக மதிப்பதில்லை. அதனாலேயே எல்லோரும் அவர் முன்னால் பேசிவிடுகிறார்கள்.

1960-களில் யோகோமிசோ ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தார். 1968-ல் ‘ஷோனென் மேகசின்’ வார இதழில் அவருடைய ‘எட்டுக் கல்லறைக் கிராமம்’ நாவலைக் ககெமாரு ஜோயா மங்காவாக வரைந்தார். 1938-ல் ஒகயாமா பகுதியில் ஒரே இரவில் 30 பேர் கொல்லப்பட்ட உண்மைச் சம்பவத்தின் நிழல் படிந்த நாவல் அது. ஒரு புதிய தலைமுறை யோகோமிசோவைக் கண்டெடுக்க அந்த மங்கா ஒரு முக்கியக் காரணம். 1971 முதல் கடோகவா பதிப்பகம் அவருடைய நாவல்களை மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தது. 1976-ல் இச்சிகாவா கோன் இயக்கிய ‘இனுகாமி குடும்பம்’ திரைப்படம் பெரும் வெற்றி பெற்றது. மங்கா மூலநூலைத் தின்றுவிடும் என்று கவலைப்படுபவர்களுக்கு இந்த வரலாறு ஆறுதல் தரும்.

அதே ‘ஷோனென் மேகசின்’ 1992-ல் கோசுகேவுக்கு ஒரு பேரனைக் கொண்டுவந்தது. சாத்தோ ஃபுமியாவின் ஓவியத்தில் வந்த அந்தத் தொடர் ‘கிண்டாய்ச்சி சிறுவனின் வழக்கேடு’. நாயகன் கிண்டாய்ச்சி ஹாஜிமே உயர்நிலைப் பள்ளி மாணவன். வகுப்பில் தூங்குவான், மதிப்பெண் வாங்க மாட்டான். ஆனால் அறிவுத்திறன் அளவீட்டில் 180. யோகோமிசோவின் நாவல்களில் கோசுகே கடைசிவரை திருமணமே செய்துகொள்ளாதவர் என்பதால், இந்தப் பேரன் எங்கிருந்து வந்தான் என்ற கேள்விக்கு மூலத்தில் பதில் இல்லை. மங்கா அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. தாத்தாவின் பெயரைச் சொல்லிச் சூளுரைப்பதுதான் ஹாஜிமேயின் அடையாளமே.

தாத்தாவிடமிருந்து பேரனுக்கு எவையெல்லாம் வந்தன, எவையெல்லாம் வரவில்லை என்று பார்ப்பது சுவையானது. கலைந்த தலை வந்தது, ஆனால் பின்னால் வாரிக் கட்டிய குதிரைவால் கொண்டையாக. பொடுகு வரவில்லை. நாக்குக் குழறலும் வரவில்லை; ஹாஜிமே தங்குதடையின்றிப் பேசுவான். தனிமையும் போய்விட்டது. சின்ன வயதுத் தோழி மியூகி எப்போதும் உடனிருக்கிறாள். ஒதுக்குப்புறமான தீவு, மலை விடுதி, பழைய சாபம், வரிசையாக விழும் பிணங்கள் ஆகிய யோகோமிசோவின் அரங்கம் அப்படியே வந்தது. கொலைகள் எல்லாம் முடிந்த பிறகே உண்மை வெளிவரும் என்ற, கோசுகே மீது வாசகர்கள் அன்போடு வைக்கும் குற்றச்சாட்டும் குடும்பச் சொத்தாகவே இறங்கிவந்தது. தோற்றத்தைச் செதுக்கியதில் ஓர் இழப்பும் உண்டு. யாரும் பொருட்படுத்தாத மனிதர் என்ற கோசுகேயின் மிக நுட்பமான ஆயுதம் ஹாஜிமேயிடம் மந்தமான மாணவன் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த போரும் வறுமையும் மறைந்துவிட்டன.

ஹாஜிமேயின் தொடர் வளர்ந்த விதத்தில் இன்னொரு திருப்பமும் நிகழ்ந்தது. ‘கிண்டாய்ச்சி’ வழக்குகளில் கொலையாளி பெரும்பாலும் பழைய அநீதிக்குப் பழிவாங்க வந்தவர். அவருடைய துயரக் கதைக்குக் கடைசியில் பல பக்கங்கள் ஒதுக்கப்படும். 2017-ல் வந்த ‘குற்றவாளிகளின் வழக்கேடு’ என்ற கிளைத்தொடர் அதே வழக்குகளைக் கொலையாளியின் பக்கத்திலிருந்து நகைச்சுவையாகச் சொன்னது. பூட்டிய அறைத் தந்திரம் ஒன்றை நடத்திக்காட்ட ஒரு மனிதர் எவ்வளவு ஓட வேண்டும், எவ்வளவு தூக்க வேண்டும் என்பதை நாவல் ஒருபோதும் காட்டியதில்லை. படம் காட்டிவிடுகிறது. 2018-ல் இன்னொரு தொடர் ஹாஜிமேயை 37 வயது அலுவலக ஊழியனாகக் காட்டியது. 1990-களில் படித்த சிறுவர்கள் நடுவயதை எட்டியதும் நாயகனும் கூடவே வளர்ந்துவிட்டான்.

வயதைக் குறைக்கும் வழக்கத்தைக் கதையின் கருவாகவே ஆக்கிக்கொண்டது ‘டிடெக்டிவ் கோனன்’. மருந்து ஒன்றால் ஆறேழு வயதுப் பையனாகச் சுருங்கிவிட்ட உயர்நிலைப் பள்ளித் துப்பறிவாளன் தனக்கு வைத்துக்கொள்ளும் பெயர் எடோகவா கோனன். ராம்போவும் டாயிலும் ஒரே பெயருக்குள் இருக்கிறார்கள். அவன் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் மோரி கொகோரோ அகெச்சியின் பெயரைச் சுமக்கிறார். அவர் சோம்பேறி, குடிகாரர், வழக்கைத் தப்பும் தவறுமாகத் தீர்ப்பவர். ஜப்பானின் மாபெரும் துப்பறிவாளரின் பெயர் கோனன் எய்யும் மயக்கமருந்து ஊசியில் தூங்கி விழும் மனிதருக்குப் போயிருக்கிறது. ஆய்வாளர் மெகுரேயின் பெயரில் ஜார்ஜ் சிமனோனின் மெய்க்ரே ஒலிக்கிறார். அண்டைவீட்டு விஞ்ஞானி அகாசாவின் பெயரில் அகதா கிறிஸ்டி. பாத்திரங்களை எடுத்தாளாமல் அவர்களின் பெயர்களை மட்டும் எடுத்து வேறு குணங்களுக்குச் சூட்டும் முறை இது.

பேரன் என்ற உத்தியை இவர்களுக்கெல்லாம் முன்பே கையாண்டவர் மங்கி பஞ்ச் என்ற புனைபெயரில் வரைந்த கட்டோ கசுஹிகோ. 1967-ல் ‘மங்கா ஆக்‌ஷன்’ வார இதழில் அவர் தொடங்கிய ‘மூன்றாம் லூபன்’ தொடரின் நாயகன், மோரிஸ் லெப்லாங்கின் கனவான் திருடன் ஆர்சேன் லூபனின் பேரன். இது இளைஞர்களுக்கான இதழ் என்பதால் மாற்றமும் வேறு திசையில் போனது. தாத்தா நாகரிகமும் நளினமும் மிக்கவர். பேரன் நீண்ட கைகால்களோடு குரங்குபோலத் துள்ளுபவன், பெண்பித்தன், தேவைப்பட்டால் ஈவிரக்கம் பார்க்காதவன். 1979-ல் மியசாகி ஹயாவோ இயக்கிய ‘காக்லியோஸ்ட்ரோ கோட்டை’ திரைப்படத்தில் அவனிடம் மறுபடியும் ஒரு கனிவு தென்பட்டது. மங்கா கழற்றிப்போட்ட தாத்தாவின் கோட்டை அந்தப் படம் எடுத்து மாட்டிவிட்டது போலிருந்தது. லூபனைத் துரத்தும் ஆய்வாளர் செனிகதாவும் வெறுங்கையோடு வந்தவர் இல்லை. நோமுரா கோதோ எழுதிய, நாணயம் வீசிக் குற்றவாளிகளைப் பிடிக்கும் எடோ காலத் துப்பறிவாளர் செனிகதா ஹெய்ஜியின் வழித்தோன்றல் என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட பூர்வீகம்.

லெப்லாங்கின் வாரிசுகளிடம் அனுமதி பெறாமலே தொடர் வளர்ந்ததால், மேலைநாடுகளுக்குப் போனபோது பெயர் தகராறானது. பிரான்ஸ் தொலைக்காட்சியில் அவன் எட்கர் ஆனான். இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. 1906-ல் லெப்லாங்க் தன் கதையில் ஷெர்லாக் ஹோம்ஸை அனுமதியில்லாமல் கொண்டுவந்து, டாயில் தரப்பின் எதிர்ப்பால் ‘ஹெர்லாக் ஷோம்ஸ்’ என்று எழுத்துகளை மாற்றிப்போட வேண்டிவந்தது. மர்மக் கதைகளில் பாத்திரங்களைக் கடன் வாங்குவதும், சட்டத்துக்கு அஞ்சிப் பெயரை மாற்றுவதும் இந்த மங்காக்களை விட வயதில் மூத்தவை.

பேச்சு நீண்டால்

வார இதழில் ஓர் அத்தியாயத்துக்கு ஏறத்தாழ 20 பக்கம். ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கியோடு முடிய வேண்டும். நாவலில் துப்பறிவாளர் தனக்குள் யோசிப்பதை மங்காவில் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் முழுக்க எழுத்தாகிவிடும். அதனால்தான் உதவியாளர்கள், தோழிகள், போட்டியாளர்கள் எல்லோரும் மங்காவில் பெருத்துவிடுகிறார்கள். டாயிலின் வாட்சன் கதையைச் சொல்லும் குரல். மங்காவில் படமே கதையைச் சொல்லிவிடுவதால் வாட்சனுக்கு அந்த வேலை போய்விடுகிறது. அதற்கு ஈடாக அவருக்குக் கோபமும் வியப்பும் சொந்தக் கவலைகளும் கொடுக்கப்படுகின்றன.

பேச்சையே முதுகெலும்பாகக் கொண்ட நாவல்களுக்கு இது இன்னும் கடினம். 1994-ல் ‘உபுமேயின் கோடை’யோடு தொடங்கிய கியோகோகு நட்சுஹிகோவின் நாவல்கள் செங்கல் என்று செல்லமாக அழைக்கப்படும் அளவுக்குத் தடிமனானவை. நாயகர் சூசென்ஜி அகிஹிகோ பழைய புத்தகக் கடை நடத்துபவர், ஷிண்டோ பூசாரி, பேயோட்டுபவர். உலகமே இடிந்துவிட்டதைப் போன்ற கடுகடுத்த முகத்தோடு நினைவு, மனம், பேய் நம்பிக்கை பற்றிப் பத்துப் பத்துப் பக்கமாக விளக்குவார். அந்த விளக்கம்தான் கடைசியில் கொலையின் முடிச்சை அவிழ்க்கும். ஓவியர் ஷிமிசு அகி 2007 முதல் இந்த நாவல்களை மங்காவாக்கினார். சூசென்ஜியின் உரைகளை வெட்டித் தள்ளாமல், பேச்சில் வரும் பேய்களையும் பழைய ஏடுகளையும் பேசுபவரைச் சுற்றிலும் வரைந்து, கேட்பவர்களின் முகமாற்றங்களை இடையிடையே வைத்து அவற்றைச் சுமந்தார். நாவலில் மிரட்டுபவராகத் தோன்றும் சூசென்ஜி படத்தில் கூர்மையான அழகோடு வருகிறார். அந்த அழகு தேவைதானா என்று கேட்கலாம். ஆனால் இவ்வளவு நேரம் ஒரு முகத்தை வாசகர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால் அந்த முகத்துக்கு ஓர் ஈர்ப்பு வேண்டியிருக்கிறது.

அதே ஷிமிசு அகி பிறகு ஒரு படி மேலே போனார். சூசென்ஜி ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பது நாவல்களில் போகிறபோக்கில் வரும் செய்தி. அதை எடுத்து ‘சூசென்ஜி ஆசிரியரின் பேய் வகுப்புகள்’ என்ற தொடரை வரைந்தார். 1948-ல் நூலக அறையில் தனியே உட்கார்ந்திருக்கும் இளம் ஆசிரியர். பேய்க்கதைகளோடு அவரைத் தேடிவரும் மாணவி கன்னா. நாவல்களில் இல்லாத அந்தப் பெண் வந்ததும், சிடுசிடுப்பான அறிஞர் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கும் மனிதராக மாறுகிறார்.

மொரியார்ட்டி: வெற்றிடத்தில் எழுந்த நாயகன்

நாவல் பாத்திரத்தை மங்கா தலைகீழாக்கிய மிகத் துணிச்சலான உதாரணம் ‘தேசாபிமானி மொரியார்ட்டி’. தகேஉச்சி ரியோசுகேயின் கதையமைப்பில் மியோஷி ஹிகாரு வரைய 2016-ல் ‘ஜம்ப் ஸ்க்வேர்’ மாத இதழில் தொடங்கிய தொடர் இது.

டாயிலின் பேராசிரியர் மொரியார்ட்டி ஹோம்ஸைக் கொல்வதற்காக உருவாக்கப்பட்டவர். 1893-ல் வந்த ‘இறுதிச் சிக்கல்’ கதையில் அவரைப் பற்றிய வருணனை அச்சமூட்டுவது: உயரமான, ஒடிந்துவிடும் போன்ற உடல்; வெளுத்துப் புடைத்த நெற்றி; குழிவிழுந்த கண்கள்; படித்துப் படித்துக் கூனிய தோள்; பாம்பைப்போல இரு பக்கமும் மெல்ல அசையும் தலை. ஆனால் இந்த வருணனை ஹோம்ஸ் வாட்சனிடம் சொல்வது. வாட்சன் அவரை நெருங்கிப் பார்த்ததே இல்லை. லண்டனின் குற்றங்கள் அனைத்தின் நடுவிலும் இருக்கும் சிலந்தி அவர் என்கிறார் ஹோம்ஸ். அவர் ஏன் அப்படி ஆனார் என்பதற்கு டாயில் காரணமே சொல்லவில்லை. கணித மேதை, 21 வயதில் ஈருறுப்புத் தேற்றம் பற்றி ஆய்வெழுதியவர், சிறிய பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியர் பதவி, பிறகு வதந்திகள். அவ்வளவுதான்.

இந்த வெற்றிடத்தில்தான் மங்கா வீடு கட்டியது. அதன் வில்லியம் ஜேம்ஸ் மொரியார்ட்டி பொன்னிற முடியும் செந்நிறக் கண்களும் கொண்ட இளைஞன். பிறப்பால் அநாதை. பிரபு குடும்பம் ஒன்றின் மூத்த மகன் ஆல்பர்ட் தன் குடும்பத்தின் ஆணவத்தை வெறுத்து, இவனோடு கைகோத்து, இவனைத் தன் தம்பியின் இடத்தில் அமர்த்துகிறான். விக்டோரியா கால இங்கிலாந்தின் வர்க்க வேறுபாடுதான் இவனுடைய எதிரி. பிரபுக்களின் கொடுமைக்கு ஆளான ஏழைகளுக்குப் பழிவாங்கும் திட்டம் வகுத்துக்கொடுப்பதே இவனுடைய தொழில். டாயிலின் மொரியார்ட்டி ‘குற்ற ஆலோசகர்’, மங்காவிலும் அதுவேதான். செய்யும் வேலை மாறவில்லை, அதற்கான காரணம் மட்டும் புதிதாக வந்தது. அந்த ஒன்று வந்ததும் வில்லன் நாயகனாகிவிட்டான்.

இந்த மங்காவின் சிறப்பு, தன் மாற்றங்களை டாயிலின் சின்னச் சின்னத் தடுமாற்றங்களில் வேரூன்றச் செய்வது. 1893-ல் பேராசிரியரின் சகோதரர் பெயர் கர்னல் ஜேம்ஸ் மொரியார்ட்டி என்று எழுதிய டாயில், 1903-ல் வந்த ‘காலி வீடு’ கதையில் பேராசிரியருக்கும் ஜேம்ஸ் என்றே பெயர் கொடுத்துவிட்டார். ‘அச்சத்தின் பள்ளத்தாக்கு’ நாவலில் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் ரயில் நிலைய அதிகாரியாக ஒரு தம்பியும் வருகிறார். ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட இந்தக் குழப்பத்தை மங்கா அப்படியே ஏற்றுக்கொண்டது: ஆல்பர்ட் ஜேம்ஸ், வில்லியம் ஜேம்ஸ், லூயிஸ் ஜேம்ஸ் என்று மூன்று சகோதரர்களுக்கும் நடுப்பெயர் ஒன்றே.

ஃபிரெட் போர்லாக் விஷயம் இதற்கு எதிர்த்திசை. ‘அச்சத்தின் பள்ளத்தாக்கு’ நாவலில் அவர் மொரியார்ட்டியின் கூட்டத்துக்குள் இருந்துகொண்டே ஹோம்ஸுக்குச் சங்கேதக் கடிதம் எழுதும் துரோகி. மங்காவில் அதே ஃபிரெட் மாறுவேடத்தில் வல்லவனான, விசுவாசம் மிக்க இளைஞன். மொரியார்ட்டிக்குக் காற்றுத் துப்பாக்கி செய்துகொடுத்த பார்வையற்ற ஜெர்மன் தொழிலாளி என்று டாயில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன வான் ஹெர்டர், மங்காவில் உளவுத்துறைக்கு விதவிதமான கருவிகள் செய்துதரும் முழுப் பாத்திரமாகிறார்.

இவர்கள் எல்லோரையும் விட ஐரீன் ஆட்லரின் மாற்றம் கவனித்துப் பார்க்க வேண்டியது. 1891-ல் வந்த ‘பொஹீமியாவில் ஓர் அவதூறு’ கதையில் ஹோம்ஸைத் தோற்கடித்த ஓபெரா பாடகி அவர். கதையின் முடிவில் ஓர் இளைஞனைப்போல உடையணிந்து, ஹோம்ஸின் வீட்டு வாசலிலேயே அவருக்கு இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார். ஹோம்ஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கதையின் தொடக்கத்தில் வாட்சன் அவரை மறைந்துவிட்டவர் என்று குறிப்பிடுகிறார். எப்படி இறந்தார் என்று டாயில் சொல்லவே இல்லை. மங்கா இந்த இரண்டு நூலிழைகளையும் சேர்த்து முறுக்கியது. அதில் ஐரீன் இறந்ததாக உலகத்தை நம்பவைத்துவிட்டு, முடியை வெட்டி, ஆணாக உடையணிந்து, ஜேம்ஸ் பாண்ட் என்ற பெயரில் உளவாளியாகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு புகழ்பெற்ற பெயர்களை ஒட்டவைத்த விளையாட்டு. மூலக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், டாயிலின் ஆண்வேடமும் டாயிலின் விளக்கமில்லாத மரணமும் அங்கே கணக்குப் பிசகாமல் அமர்ந்திருக்கின்றன.

ஷெர்லாக்கின் மாற்றத்தில் அந்த நுணுக்கம் இல்லை. டாயிலின் ஹோம்ஸ் அறையைக் குப்பையாக வைத்திருந்தாலும் உடலையும் உடையையும் பூனையைப்போலச் சுத்தமாக வைத்துக்கொள்பவர்; அளந்து பேசுபவர். மங்காவின் ஷெர்லாக் பின்னால் கட்டிய கறுப்பு முடியும் கசங்கிய சட்டையுமாக, முரட்டுப் பேச்சோடு வருகிறான். நேர்த்தியான மொரியார்ட்டிக்கு எதிரே நிறுத்த ஒரு முரண் தேவைப்பட்டது. அதற்கு விலையாக ஹோம்ஸின் கண்ணியத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தொடரை எவ்வளவு விரும்பினாலும் இந்த ஒன்றில் டாயிலின் பக்கம் நிற்கத் தோன்றுகிறது.

மூலத்துக்கு அருகிலேயே நிற்கும் மங்காக்களும் இல்லாமல் இல்லை. மொரித்தா தகாஷியின் ‘அவந்துரியே’, லெப்லாங்கின் லூபனை அவருடைய காலத்து பிரான்ஸிலேயே, அவருடைய கதைகளை ஒட்டியே வரைகிறது. மூன்றாம் லூபனை மட்டுமே அறிந்த வாசகர்களுக்குத் தாத்தாவை முதல்முறையாக அறிமுகப்படுத்தும் வேலையை அது செய்தது.

எழுத்தாளர்களே பாத்திரங்களாக

அசாகிரி காஃப்கா எழுதி ஹருகாவா சாங்கோ வரைய 2012-ல் தொடங்கிய ‘புங்கோ ஸ்ட்ரே டாக்ஸ்’ தொடரில் பாத்திரங்களைக் கடந்து, அவர்களைப் படைத்தவர்களே கட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். இலக்கியவாதிகளின் பெயர்களைத் தாங்கிய மனிதர்கள் தங்கள் படைப்புகளை நினைவூட்டும் அதீத சக்திகளோடு மோதிக்கொள்ளும் கதை அது. அதில் எடோகவா ராம்போ துப்பறியும் நிறுவனத்தின் நட்சத்திரம். இனிப்புப் பிரியர், குழந்தைத்தனம் மிக்கவர். மூக்குக்கண்ணாடியை மாட்டியதும் தன் சக்தி வேலை செய்வதாக நம்புகிறார். உண்மையில் அவருக்குச் சக்தி எதுவும் இல்லை. சக்தி படைத்தவர்கள் நிறைந்த உலகத்தில் வெறும் அறிவால் வெல்பவர் அவர் ஒருவர்தான். எட்கர் ஆலன் போ அதில் ராம்போவிடம் ஒருமுறை தோற்றுப்போய், அவரை வெல்வதற்காகவே மர்மக் கதை எழுதும் கூச்ச சுபாவி. தோளில் ஒரு ரக்கூன். போவின் பெயரைச் சூடிக்கொண்டு எழுத வந்த ராம்போவை இந்த மங்காவில் போ துரத்திக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தொடரின் கிளையாக அசாகிரி காஃப்கா 2016-ல் எழுதிய நாவலில், இன்றும் எழுதிக்கொண்டிருக்கும் அயட்சுஜி யூகிடோவும் கியோகோகு நட்சுஹிகோவும் எதிரெதிர் அணியில் நிற்கிறார்கள். அதில் அயட்சுஜி ஒரு துப்பறிவாளர். அவர் உண்மையைக் கண்டுபிடித்த மறுகணமே குற்றவாளி ஏதாவது ஒரு விபத்தில் இறந்துவிடுவார். அந்தச் சக்தியின் பெயர் ‘அனதர்’.